டங்கும் டொப்பும்

"செக்கர் அண்ணே, நீல டிரம் முழுகாம இருக்கு போலிருக்கு," என்றாள் பெயின்ட் பிரிவில் வேலை செய்யும் பெண்.

செக்கர் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் பின்முற்றத்துக்கு ஓடினார். அவள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நேற்றுவரை ஒழுங்காக நின்ற பிளாஸ்டிக் டிரம் வயிறு தள்ளி, மூடியைக் கோணலாகத் தலையில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே இருந்தது பெயின்ட் கழிவு, அதாவது பழைய பெயின்ட்டும் தின்னரும் சேர்ந்த சேறு. வெயில் ஏற ஏறத் தின்னர் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே இளக வைத்துக்கொண்டிருந்தது.

"கிட்ட போகாதீங்க."

"ஏன், வெடிச்சிடுமா?"

"தெரியல. நான் லேசாத் தொட்டேன். விரல் உள்ள போயிடுச்சு."

நீல டிரம்மைத் தேர்ந்தெடுத்தது செக்கர்தான். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மைதான். தின்னர் பட்டால் இளகும் என்று அவர் சொல்லவில்லை, செக்கரும் கேட்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தத் தொழிற்சாலை தயாரிப்பதே டிரம்தான். இரும்புத் தகடாக உள்ளே வந்து, சுருண்டு, அடி பூட்டி, சாம்பல் நிறம் பூசி, மூடியும் வளையமுமாக நாள் முழுவதும் டிரம்கள் வந்துகொண்டே இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் டிரம் மலை. ஆனால் கழிவுக்கு அதில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

"நம்ம டிரம்முல தேன் போகும், எண்ணெய் போகும். அசிங்கம் போகாது," என்று சொல்லியிருந்தார் முதலாளி. "நம்ம பேரை எழுதின டிரம்மைக் குப்பைக் கெடங்குல நாலு பேர் பாத்தா என்ன நெனைப்பாங்க? வெளிய வாங்கு."

"பேரு எழுதாம ரெண்டு எடுத்துக்கட்டுமா ஐயா?"

"பேரு இல்லன்னா அது நம்ம டிரம்மே இல்ல."

அப்போது முதலாளியின் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சமீபத்தில்தான் கல்யாணம் முடிந்து கம்பெனிக்குள் காலடி வைத்தவர். வீட்டில் அவரை மாப்பிள்ளை என்றார்கள். தொழிற்சாலையில் ஒரு மரியாதைக்கு மாப்பிள்ளை சார் என்றார்கள். அவர் ஒரு யோசனை சொன்னார்.

"பின் கேட்டுகிட்ட கழிச்சுப் போட்ட டிரம்மெல்லாம் சும்மாதானே கெடக்கு. அதுல ரொப்பினா என்ன?"

செக்கருக்குச் சுருக்கென்றது. "சார், நான் கழிச்சா கழிச்சதுதான். அதுல தண்ணிகூட நிக்காது."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

செக்கரின் வேலை தட்டிப் பார்ப்பது. கையில் ஒரு சின்ன மரச்சுத்தி. ஒவ்வொரு டிரம்மின் வயிற்றிலும் ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு. 'டங்' என்றால் தேறியது. வெள்ளை எழுத்தில் கம்பெனிப் பெயர் ஏறும். 'டொப்' என்றால் தேறவில்லை. அடியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பின் கேட்டுக்கு உருட்டிவிடுவார்கள். பழைய இரும்பு லாரிக்காரர் வந்து ஹாரன் அடித்து அள்ளிக்கொண்டு போவார். போகும்போது, "உங்க காது மாதிரி வருமா அண்ணே. பாத்து இன்னும் கொஞ்சம் கழிங்க," என்று ஒரு சலாமும் வைப்பார்.

காது கூர்மையானதுதான். ஆனால் ஒரு டிரம்கூடக் கழியாத நாளில் செக்கருக்கு மனசு நிலைகொள்ளாது. எல்லாமே நன்றாயிருந்தால் இந்த ஆள் எதற்கு என்று எவனாவது கேட்டுவிட்டால்? அந்த மாதிரி நாட்களில் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சுற்று வருவார். மனசு வைத்துக் கேட்டால் இரண்டு மூன்றிலாவது டொப் கேட்காமல் போகாது.

வீட்டிலும் அவரால் சும்மா இருக்க முடியாது. கேஸ் சிலிண்டரைத் தட்டுவார், பாத்திரக்கடையில் குடத்தைத் தட்டுவார், மாடி ஏறும்போது கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே வருவார். "உங்க தலையை ஒரு நாள் தட்டிப் பாருங்க, என்ன சத்தம் வருதுன்னு தெரிஞ்சுக்கலாம்," என்பாள் மனைவி.

நீல டிரம் உப்பிய சேதி முதலாளியின் மாடி அறைக்குப் போய்ச் சேர, செக்கரும் பின்னாலேயே போய் நின்றார். முதலாளியின் மேசைமேல் மாப்பிள்ளை சாரின் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஏதோ ஒரு இயந்திரத்தின் படம்.

"உள்ள காத்தை அடைக்கும் மாமா. கசிஞ்சா சிவப்பு லைட்டு. கசியலன்னா பச்சை லைட்டு. யாரும் எதையும் தட்ட வேண்டியதில்ல."

"இவர் காதை நம்பித்தான்பா இந்தக் கம்பெனி நடந்துச்சு," என்றார் முதலாளி.

நடக்குது என்று சொல்லவில்லை, நடந்துச்சு என்றார்.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து மேடம் வர்றாங்க. அந்தக் கழிவு ஒழுகாம, நாறாம, ஒழுங்கான டிரம்முல நிக்கணும். இல்லன்னா கேட்டைப் பூட்டி சீல் வெச்சிட்டுப் போயிடுவாங்க. நீ டிரம் செக்கர். நம்ம சேத்தைக் கொட்டறதுக்கே ஒரு டிரம் பாத்து எடுக்கத் தெரியலன்னா, ஊருக்கு அனுப்புற டிரம்மை எதுக்குத் தட்டிக்கிட்டிருக்க? சரியா எடுத்தீன்னா நீ இரு. இல்லன்னா மெஷின் இருக்கட்டும்."

செக்கர் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வந்தார். அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. இந்த வயதில் புதிதாக எங்கே போய்க் கேட்பது? வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரங்களில் ஓட்டுநர் தேவை, கணக்கர் தேவை என்றுதான் போடுகிறார்கள். நல்ல காது தேவை என்று யாரும் போட்டு அவர் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே கடைத்தெருவுக்குப் போய் இரும்பு டிரம் வாங்கினார். புத்தம்புதுசு. மேல்பக்கம் முழுக்க அடைத்து, ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு திருகுமூடி. தட்டினார். டங். கடைக்காரரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு வண்டியில் ஏற்றினார்.

சேறு அந்தச் சின்ன வாய்க்குள் இறங்க மறுத்தது. புனல் வைத்தார்கள். புனல் அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்தினார்கள். குச்சி உள்ளே போனது, திரும்ப வரவில்லை. இன்னொரு குச்சியால் முதல் குச்சியை எடுக்கப் பார்த்தார்கள்.

"விடுங்கண்ணே. வீட்டுல தொடப்பத்தை எடுத்துட்டு வரச் சொன்னா, அதையும் உள்ள விட்டுட்டு நிப்போம்," என்றாள் பெயின்ட் பிரிவுப் பெண்.

அரை டிரம் நிரம்புவதற்குள் எல்லார் கையிலும் கொப்புளம். போகட்டும், உள்ளேதானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கழிவை எடுத்துப்போகும் ஆலைக்குப் போன் போட்டார் செக்கர்.

"வாய் முழுசாத் திறக்குற டிரம்தானே சார்?" என்றது எதிர்க்குரல்.

"ஓரத்துல சின்னதா ஒரு மூடி இருக்கு."

"அதுல ஊத்தறது உங்களுக்கே கஷ்டமா இருந்திருக்குமே. நாங்க எப்படி வெளிய எடுக்கிறது? வாய் முழுசாத் திறக்கணும். மூடி போட்டு வளையம் பூட்டுற மாதிரி இருக்கணும்."

"சரி, அப்படியே மாத்திடறேன். இந்தப் பழைய டிரம்மை என்ன பண்றது?"

"கழிவு பட்ட டிரம்மும் கழிவுதான் சார். அதைவிடப் பெரிய டிரம்முக்குள்ள வெச்சு அனுப்பிடுங்க."

"டிரம்மைத் தூக்கி டிரம்முல வைக்கணுமா?"

"ஆமா."

"அந்தப் பெரிய டிரம்முல கழிவு பட்டுட்டா?"

"படாமப் பாத்துக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு எதிர்முனை போனை வைத்துவிட்டது.

செக்கர் பின்முற்றத்தைப் பார்த்தார். காலையில் அங்கே ஒரு கழிவு டிரம்தான் இருந்தது. இப்போது உப்பிய டிரம் கழிவு, குச்சி விழுங்கிய டிரம் கழிவு, புனல் கழிவு, கையுறைகள் கழிவு. அவருக்குத் தன் சட்டையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் வாய் முழுசாகத் திறக்கிற டிரம்களைத் தேடி அலைந்தார். புதுசு எங்கேயும் கையிருப்பில் இல்லை. அப்படிப்பட்ட டிரம்மைப் புதுசாக யார் செய்கிறார்கள் என்று கேட்டால், எல்லாக் கடைக்காரர்களும் அவருடைய கம்பெனிப் பெயரையே சொன்னார்கள். "அங்க போய்க் கேளுங்க சார், நல்ல மனுஷங்க," என்று ஒருவர் வழிகூடச் சொல்லிக்கொடுத்தார்.

கடைசியில் ஒரு சந்தில் பழைய டிரம்கள் கிடைத்தன. வாய் பெரிது, மூடி இருந்தது, வளையமும் இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டினார். டங், டங், டங். காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மூக்கை உள்ளே விட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அது அவருடைய இலாகா இல்லை.

நீல டிரம்மிலிருந்த சேற்றை வாளியால் அள்ளி இவற்றுக்கு மாற்றினார்கள். அடியில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிவிட்டு அலசி ஊற்றினார்கள். முதல் டிரம்மில் ஒரு சின்ன நுரை தலைகாட்டியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதிலும் காட்டியது. பிறகு எல்லா டிரம்களும் ஒன்றாகப் பொங்க ஆரம்பித்தன.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றாள் பெயின்ட் பிரிவுப் பெண்.

செக்கர் சந்துக் கடைக்குப் போன் போட்டார். "ஷாம்பு கம்பெனி டிரம் சார் அது," என்றார் கடைக்காரர். "கழுவிட்டு யூஸ் பண்ணுங்கன்னு சொல்ல மறந்துட்டேன்."

நுரை நிதானமாக முற்றத்தைக் கடந்தது. படிக்கட்டின் அடியில் கொஞ்சம் தங்கியது. பிறகு கீழ்த்தள அலுவலகத்தின் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. அங்கே மாப்பிள்ளை சார் அந்த இயந்திரக் கம்பெனிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஷூவுக்குள் ஏதோ ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தார். கணுக்கால்வரை சாம்பல் நிறத்தில் நுரை இருந்தது. அதற்குத் தின்னர் வாசனையும் ஷாம்பு வாசனையும் ஒன்றாக இருந்தன.

"மெஷின் எப்ப கெடைக்கும்?" என்று அவர் போனில் கேட்டது வெளியே நின்றிருந்த செக்கருக்கு நன்றாகக் கேட்டது. கூர்மையான காதாயிற்றே.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போனார். குளித்தார், மறுபடி குளித்தார். வாசனை போகவில்லை.

"துணியைத் தனியா ஊறப் போடுங்க," என்றாள் மனைவி. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "என்னங்க, நெசமாவே வேலை போயிடுமா?"

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்ல?"

தம்பி கூடத்தில்தான் சோபாவில் படுத்திருந்தான். இரண்டு போன்கள் வைத்துக்கொண்டு, எது வேண்டுமென்றாலும் வாங்கித் தருவதும் எதை வேண்டுமென்றாலும் விற்றுத் தருவதும் அவன் தொழில். சில நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், எந்தச் சில நாள் என்று சொல்லவில்லை.

"டிரம்தானே அத்தான்? என்கிட்ட ஏன் நீங்க கேக்கவே இல்ல?"

"போன தடவை உன்கிட்ட கட்டில் கேட்டேன். கதவு வந்துச்சு."

"அதைப் படுக்கப் போட்டா கட்டில்தானே?"

"தாழ்ப்பாள் முதுகுல குத்துது."

"இது அந்த மாதிரி இல்ல. கப்பல்ல வந்த சரக்கு. வாய் முழுசாத் திறக்கும். மூடி, வளையம், ரப்பர் எல்லாம் கச்சிதம். நாளைக்குக் காலையில கம்பெனி வாசல்ல எறங்கும்."

"எந்தக் கப்பல்?"

"கப்பல் கப்பல்தான் அத்தான். அதுக்குப் பேரெல்லாமா கேட்டுக்கிட்டு இருப்பாங்க."

மச்சினனை நம்புவதைவிட நுரையை நம்பலாம் என்று செக்கருக்குத் தோன்றியது. ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் கடைசியில், "எறக்கு," என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காலையில் டிரம்கள் வந்தே விட்டன. பளபளவென்று பச்சை நிறம். ஓட்டை இருக்கும், அல்லது அடியே இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் செக்கர் கிட்டப் போனார். அடி இருந்தது. மூடி அழுத்தமாக உட்கார்ந்தது. வளையம் ஒரே இழுப்பில் பூட்டிக்கொண்டது. இந்தத் தடவை மூக்கையும் விட்டுப் பார்த்தார். பெயின்ட் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை.

பிறகு சுத்தியை எடுத்துத் தட்டினார்.

டங்.

அப்படி ஒரு டங்கை அவர் கேட்டதே இல்லை. அந்தச் சத்தம் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. செக்கர் சுத்தியைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்குக் கண் கலங்கியது.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் பெயின்ட் பிரிவுப் பெண்.

"டிரம்னா இது டிரம். நம்மாளுங்க ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒண்ணு செய்ய மாட்டாங்க."

சேற்றை மாற்றினார்கள். கசிவில்லை, நுரையில்லை, உப்பவில்லை. உப்பியதையும் குச்சி விழுங்கியதையும் நுரை பொங்கியதையும் வெட்டிச் சின்னதாக்கி, கையுறை, புனல், வாளியோடு பச்சை டிரம்களிலேயே போட்டுப் பூட்டினார்கள். சோதனைக்குக் காட்ட ஒன்றைக் காலியாக வைத்தார்கள். முற்றம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. செக்கர் வெகு நாளைக்கப்புறம் ஒரு டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்தார்.

மேடம் வந்தார். குட்டையான, சிரிக்காத பெண்மணி. காலில் வெள்ளை ஷூ. வரிசையாக நின்ற பச்சை டிரம்களைச் சுற்றி வந்தார், மூடிகளை இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இதை லாரியில ஏத்தறப்ப கீழ விழுந்தா தாங்குமா?" என்று கேட்டார்.

முதலாளி செக்கரைப் பார்த்தார். செக்கர் மாப்பிள்ளை சாரைப் பார்த்தார். மாப்பிள்ளை சாருக்கு இதெல்லாம் பிடிக்கும். காலி டிரம்மில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, சரக்கு ஏற்றும் மேடைக்கு உருட்டி, அங்கிருந்து தள்ளிவிடச் சொன்னார். செக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

தொம்மென்று விழுந்தது. செக்கர் ஒரு கண்ணைத் திறந்தார். டிரம் அடிப்பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை.

"பரவாயில்லையே," என்றார் மேடம். முதலாளியின் கை செக்கரின் தோளில் வந்து விழுந்தது. அந்தக் கையின் கனம் செக்கருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. மாப்பிள்ளை சார் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அங்கேயே மேடம் கிளம்பியிருந்தால் இந்தக் கதை சுபமாக முடிந்திருக்கும். அவர் திரும்பிச் சாம்பல் நிற டிரம் மலையைப் பார்த்தார்.

"நீங்களே டிரம் கம்பெனிதானே? உங்க டிரம் எப்படி இருக்குன்னு பாக்கலாமா?"

"தாராளமா," என்றார் முதலாளி.

வெள்ளை எழுத்தில் கம்பெனிப் பெயர் எழுதிய ஒரு டிரம்மைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் நிரப்பி, அதே மேடையிலிருந்து தள்ளினார்கள். கம்பெனிப் பெயர் முதலில் தரையில் பட்டது. பிறகு பக்கவாட்டு மூட்டு மேலிருந்து கீழ்வரை வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்த தண்ணீர் முழுவதும் மேடத்தின் வெள்ளை ஷூவை நோக்கிப் போனது.

மேடம் ஷூவை உதறினார். "கழிவு டிரம் நல்லா இருக்கு. அது விஷயத்துல ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு, சளக் சளக்கென்று சத்தம் வர நடந்து காரில் ஏறினார்.

விழுந்த பச்சை டிரம்மிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அதை நடுமுற்றத்தில் நிமிர்த்தி வைத்தார்கள். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"தட்டு," என்றார் செக்கரிடம். "பச்சையைத் தட்டு."

டங்.

"இப்ப நம்மளோடதைத் தட்டு. உடையாததா ஒண்ணை எடுத்துத் தட்டு."

செக்கர் தட்டினார். அதுவும் டங் என்றது. மறுபடி தட்டினார். காதை அதன்மேல் வைத்துக்கொண்டு தட்டினார். அதே டங்தான். இத்தனை காலம் சோறு போட்ட காது, இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் வித்தியாசம்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் அவருக்குத் தன்னைப் பற்றியே பயம் வந்தது.

"என்ன சொல்லுது?"

எதிரே முதலாளி நின்றார், பக்கத்தில் மாப்பிள்ளை சார், பின்னால் தொழிற்சாலையே நின்றது. செக்கரின் வாய் தானாகத் திறந்தது. "டொப்பு ஐயா."

"அடுத்தது?"

"டொப்பு."

"அதுக்கு அடுத்தது?"

"டொப்பு."

கம்பெனியிலிருந்த அத்தனை டிரம்மையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போனார். அத்தனையும் டங் டங்கென்று கத்தின. அத்தனைக்கும் அவர் டொப் என்றார். பெயின்ட் பிரிவுப் பெண் சிவப்புப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்தாள். போடப் போட அவள் முகமும் சுருங்கிக்கொண்டே வந்தது. கம்பெனியில் அன்றைக்கு ஒரு டிரம்கூட மிஞ்சவில்லை.

"அண்ணே, போதும்ணே," என்றாள் கடைசியில். "எனக்கே பயமா இருக்கு."

மாப்பிள்ளை சார், "பின் கேட்டு லாரிக்குச் சொல்லிடட்டுமா மாமா?" என்று கேட்டார். முதலாளி தலையசைத்தார்.

லாரி வருகிற வரைக்கும் முதலாளி அந்தப் பச்சை டிரம்மையே சுற்றிச் சுற்றி வந்தார். வளையத்தைத் தடவினார், மூட்டை நகத்தால் கீறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் அடங்கிப் போயிருந்தது. அது செக்கருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாப்பிள்ளை," என்றார் முதலாளி. "மெஷினெல்லாம் வேணாம். மெஷினா இந்த டிரம்மைத் தேறுதுன்னு சொல்லுச்சு? எங்கேயோ ஒரு கம்பெனியில ஒரு மனுஷன் இதைத் தட்டிப் பாத்திருக்கான். அவன் காது காது. அவன் யாருன்னு கண்டுபிடிங்க. என்ன கேட்டாலும் குடுத்துக் கூட்டிட்டு வாங்க. திங்கக்கிழமையிலிருந்து அவன்தான் நம்ம செக்கர்."

"அப்ப இவர்?"

முதலாளி செக்கரைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவர் பார்வையில் இருந்தது பரிதாபம்.

"வயசாயிடுச்சு. பாவம், காது போயிடுச்சு. சுத்தியைக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

செக்கர் சுத்தியை நீட்டினார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பச்சை டிரம்மின்மேல் வைத்தார். வைத்தபோது அதுவும் மெல்ல டங் என்றது. வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது, சோபாவில் கிடக்கும் மச்சினனிடம் என்ன சொல்வது, நாளைக் காலையில் எழுந்து எதைத் தட்டுவது என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பின் கேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. பழைய இரும்பு லாரிக்காரர் உள்ளே வந்தார். சிவப்புக் குறி போட்ட டிரம் மலையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். உதவிக்கு ஆளைக் கூப்பிட்டபடியே வந்தவர், நடுவில் நின்ற பச்சை டிரம்மைப் பார்த்துத் தயங்கினார். சுத்தியை எடுத்துச் செக்கர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, டிரம்மைச் சாய்த்து அடியைப் பார்த்தார். விழுந்த அடியில் பச்சைப் பெயின்ட் பொருக்குத் தட்டி உதிர்ந்திருந்தது. அதன் கீழே சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அவர் விரலால் இன்னும் கொஞ்சம் சுரண்டினார். குறுக்கே இன்னொரு கோடு வந்தது.

"என்னய்யா பாக்குற?" என்றார் முதலாளி. "இதைத் தட்டிப் பாத்த ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். உனக்கு எதுவும் தெரியுமா?"

லாரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த செக்கரைப் பெருமையோடு காட்டினார்.

"எதுக்குங்க ஐயா வெளிய தேடுறீங்க, அந்த ஆளு நம்ம செக்கர் அண்ணன்தான், பின் கேட்டுல நான் அள்ளிக்கிட்டுப் போய்ப் பச்சை பூசி விக்கிற டிரம் எல்லாமே இவரு தட்டிப் பாத்து ஆகாதுன்னு கழிச்சதுதானே."